திரைக்குப் பின்னிருந்து இருபத்தொரு சீட்டு

1943 ஜூன் 6, ஞாயிற்றுக்கிழமை. அப்பா மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கிராணி; அலுவலகக் கணக்குத் தாள்களில் அவர் அந்த ஆண்டை 2603 என்று எழுத வேண்டும். ஜப்பான்காரர் உத்தரவு அப்படி. என் நாட்குறிப்பில் அது 1943தான்.

அன்று எழுந்தது ஐந்து மணிக்கு. கூடத்துச் சுவர்க் கடிகாரம் காட்டிய ஐந்து என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் அப்போது இரண்டு நேரங்கள் இருந்தன. ஜப்பான்காரர் வந்தவுடன் ஊர்க் கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்கு மாற்றி, ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடுவது, ரேஷன் கொடுப்பது, அலுவலகம் திறப்பது எல்லாம் அந்த நேரத்தில். சுவர்க் கடிகாரத்தை மட்டும் அப்பா தொடவில்லை. சூரியன் டோக்கியோவைக் கேட்டு உதிப்பதில்லை, பஞ்சாங்கம் பார்க்கப் பழைய நேரம் ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்பது அவர் வாதம்.

எழுந்ததும் கிணற்றில் தண்ணீர் இறைத்தேன். கேழ்வரகுக் கூழ் காய்ச்சினேன். வீட்டுக்குப் பின்னால் இருந்த மரவள்ளிப் பாத்தியில் களை பிடுங்கி, மதியத்துக்கு இரண்டு கிழங்குகள் தோண்டினேன். அம்மாவின் காலில் ஆறிவந்த புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவித் துணி கட்டினேன். துவைத்துக் காய்ந்த கோணிச் சாக்குகளில் ஒன்றை வெட்டித் தைத்து, கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே திரையாகத் தொங்கவிட்டேன். அன்று மாலை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். பழைய திரையை ஏற்கெனவே பாவாடையாக்கி உடுத்தியிருந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லா நாளும் போல, சீட்டுக்கட்டை எடுத்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். சண்டைக்கு முன்பு அப்பா ஆண்டுதோறும் சுங்கை பட்டாணிக்குப் போய், ஒரு ராவுத்தர் கடையில் பஞ்சாங்கம் வாங்குவார். மதராஸிலிருந்து கப்பலில் வரும் புத்தகங்கள் அங்கே கயிற்றில் தொங்கும். ஒருமுறை மழையில் நனைந்து அட்டையும் முதல் பக்கங்களும் போன ஒரு புத்தகத்தை ராவுத்தர் இனாமாகச் சேர்த்துக் கொடுத்தார். சீட்டு வித்தைப் புத்தகம். முதல் பக்கங்கள் இல்லாததால் அதன் பெயர் எனக்குத் தெரியாது. எழுதியவர் யார் என்றும் தெரியாது. உள்ளே முழுக்கைச் சட்டை போட்ட இரண்டு கைகளின் படங்கள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. எந்த விரல் எங்கே இருக்க வேண்டும் என்று அந்த ஆசிரியர் எழுதியிருந்த துல்லியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வாக்கியமும் வீண் இல்லை. கப்பல் நின்றுபோய்ப் புதுப் புத்தகம் எதுவும் வராத அந்த ஆண்டுகளில் நான் படித்தது அது ஒன்றைத்தான். எத்தனை முறை என்று எழுதி வைக்கவில்லை.

சீட்டுக்கட்டு துரை பங்களாவிலிருந்து வந்தது. ஜப்பான்காரருக்குப் பயந்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு பங்களாவில் ஆளாளுக்கு எடுத்ததுபோகச் சமையல்காரர் எங்களுக்குக் கொண்டுவந்தது அது. நல்ல வழவழப்பான சீட்டு. ஆனால் டைமன் ஏழு இல்லை. சிகரெட் அட்டையை அளவாக வெட்டி, சிவப்பு மையால் நானே ஏழு கட்டம் வரைந்து சேர்த்துக்கொண்டேன். முன்பக்கம் ஒருவரும் குறை சொல்ல முடியாது. முதுகுதான் வேறு நிறம்.

பத்தொன்பது வயதில் அந்தப் புத்தகத்தின் எல்லா வித்தைகளும் எனக்கு வரும். மூன்று வித்தைகள் மிகவும் பிடித்தவை. ஒன்று, அடிச் சீட்டை அடையாளம் வைத்துக்கொண்டு அடுத்தவர் எடுத்ததைக் கண்டுபிடிப்பது. இரண்டாவது, நான்கு ஜாக்கிகள் கட்டுக்குள் தனித்தனி இடங்களுக்குப் போய், மறுபடி மேலே ஒன்றாக வந்து சேர்வது. புத்தகத்தில் அவர்கள் நான்கு திருடர்கள். நான் அவர்களைப் பால்வெட்டுக்காரர்களாக மாற்றினேன். நான்கு பேரும் நான்கு மர நிரைக்குப் போகிறார்கள், தப்பு அடித்ததும் நான்கு பேரும் பெரட்டுக் களத்தில் நிற்கிறார்கள். கதை மாறியதும் வித்தையே புதிதானது. அதில் எனக்குப் பெருமை உண்டு. மூன்றாவது, இருபத்தொரு சீட்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இவற்றையெல்லாம் பார்த்தது அம்மா ஒருத்திதான். தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கம் மூச்சுவிடக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தோட்டத்தில் சீட்டு என்றால் சம்பள நாள், கள்ளுக்கடை, அடிதடி, அடகுக்குப் போகும் தாலி. சீட்டுக்கு வேறு பயன் உண்டு என்பதை ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

வருகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். மாப்பிள்ளை புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் டிரஸ்ஸர். எங்கள் தோட்டத்து மருந்தறைக்கும் வாரம் ஒரு நாள் வருவார். அம்மாவின் கால் புண்ணை அவர்தான் கழுவிக் கட்டினார். மருந்தே இல்லாத காலத்தில், உப்புத் தண்ணீரும் பொறுமையுமாக, வாராவாரம். அம்மா வலியில் திட்டியபோது, இன்னும் நல்ல வார்த்தையாகப் பார்த்துத் திட்டும்படி கேட்டுக்கொண்டார். நான் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவர் வேண்டும் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் அப்பாவுக்குக் காத்திருக்க நேரமில்லை. சயாமில் ரயில் பாதை போட லாரி லாரியாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சிப்பாய்கள் தோட்டத்துக்கு வந்து போவதும் அடிக்கடி நடந்தது. மணமாகாத பெண்களை லயத்தில் கிடைத்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இந்த இடம் அமையாவிட்டால், ஆனி பிறப்பதற்குள் டவுனில் இருக்கும், மனைவியை இழந்த ஒரு விறகுக் குத்தகைக்காரருக்கு என்னைக் கொடுத்துவிடுவதென்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அவருக்கு அப்பாவின் வயது.

ஞாயிறு ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. அது கழிந்து ஆறு மணிக்கு வரச் சொல்லி அப்பா ஆள் அனுப்பியிருந்தார். எனவே நாலரை மணிக்கு நான் கூடத்தில் சாக்கை விரித்துக் கவலையில்லாமல் சீட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது.

அவர்களும் ஆறு மணிக்குத்தான் வந்திருந்தார்கள். டோக்கியோ ஆறு.

சீட்டுகளை வாரிப் பிரம்பு நாற்காலியின் மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு உள்ளே ஓடினேன். அப்பா வாசலில் வரவேற்றுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலத்தின் முதல் நிமிடத்தில் மூன்று பேர் எங்கள் வீட்டுப் படியேறினார்கள்: மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அம்மாவின் தம்பி. தம்பி மாப்பிள்ளையின் தோட்டத்துக் கங்காணி; அப்பா இல்லாத மாப்பிள்ளைக்குப் பேசி முடிக்கிறவர் அவர்தான். அப்பா விஷயத்தை மெதுவாகச் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆறு மணி வரைக்கும் பெண்ணை அழைக்கக் கூடாது, வெற்றிலை மாற்றக் கூடாது, அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. உட்கார்ந்து மழையைப் பற்றியும் அரிசியைப் பற்றியும் பேசலாம்.

நான் புதுத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கங்காணி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருமுறை நெளிந்தார். இன்னொரு முறை நெளிந்தார். பிறகு மெத்தையைத் தூக்கிப் பார்த்தார்.

சீட்டுகளைப் புரட்டும் ஓசை மட்டும் கேட்டது. அது நின்றது.

"இது என்ன, முதுகு வேற கலரு? கையால வரைஞ்சிருக்கு," என்றார் கங்காணி. "கள்ளச் சீட்டு லா, அக்கா."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்த சத்தம் கேட்டது. புடவையை உதறிக்கொண்டு, இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீரும் வேண்டாம், வண்டியைப் பூட்டு என்றார். அவர் கணவர் சீட்டில் அழிந்தவர் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. தாலியைக்கூட விடாமல் தோற்று, குடித்துச் செத்தவர். மகன் சீட்டைக் கையால் தொட்டால் தான் உயிரோடு இருக்கப் போவதில்லை என்று சத்தியம் வாங்கி வளர்த்தவர் இந்த அம்மா. அப்படிப்பட்டவரின் எதிரில் கிராணி வீட்டு நாற்காலியிலிருந்து கள்ளச் சீட்டு வெளிவந்திருக்கிறது.

கங்காணி எழவில்லை. ராகு காலத்தில் பயணம் புறப்படுவது பெண் பார்ப்பதைவிடக் கேடு என்றார். அந்த அம்மா மறுபடி உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் இருக்கவும் பிடிக்கவில்லை, போகவும் முடியவில்லை. என் வாழ்க்கையில் ராகு எனக்குச் செய்த ஒரே உதவி அதுதான்.

அப்பா தன் கையால் சீட்டைத் தொட்டதே இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். நம்பவில்லை. பிறகு யாருடையது என்று கங்காணி கேட்டார். அப்பா வாய் மூடிக்கொண்டார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டார், பொய் சொல்லவும் மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

"என்னோடதுங்க," என்றேன் திரைக்குப் பின்னாலிருந்து.

"பொம்பளப் புள்ளைக்குச் சீட்டா. நல்ல குடும்பம் லா," என்றார் கங்காணி.

நான் புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்து அனுப்பினேன். மாப்பிள்ளை அதை வாங்கிச் சில பக்கங்கள் படித்தார். படிக்கிறவர் பக்கத்தைப் புரட்டும் வேகத்திலேயே, புரிந்து படிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"மாமா, இதுல காசு வெச்சு ஆடுறது ஒண்ணும் இல்ல. விரலுக்குப் பயிற்சி, கொஞ்சம் கணக்கு. அவ்வளவுதான்."

"திருடனுக்கும் விரலுக்குப் பயிற்சிதான்டா."

அந்த வார்த்தை எனக்குச் சுட்டது. பயந்திருந்தேன், ஆனாலும் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. என் வித்தையைத் திருட்டு என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. அப்போதுதான் இருபத்தொரு சீட்டு நினைவுக்கு வந்தது. அதில் செய்கிறவர் விரலுக்கு வேலையே இல்லை. சீட்டைப் பார்க்கவும் வேண்டாம்.

நான் வெளியே வரப் போவதில்லை, சீட்டைத் தொடப் போவதில்லை, ஐயாவே கலைத்து ஐயாவே போடட்டும் என்று சொன்னேன். கங்காணி கொஞ்சம் சிரித்தார். அவர் கலைத்தபோது எழுந்த சரசரப்பிலேயே அவருக்குச் சீட்டு புதிதில்லை என்று தெரிந்தது. வரைந்த சீட்டை ஒதுக்கிவிட்டு இருபத்தொன்று எண்ணிக்கொள்ளச் சொன்னேன். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக, மூன்று வரிசையாக, முகம் தெரியப் போடச் சொன்னேன். அந்த அம்மா ஒரு சீட்டை மனதில் நினைக்க வேண்டும். எதையும் தொட வேண்டாம். எந்த வரிசையில் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும்.

அவர் சம்மதிக்க நேரமானது. மகன் ஏதோ மெல்லச் சொன்னார். பிறகு, "நடு வரிசை," என்றார் வெறுப்போடு.

அந்த வரிசையை மற்ற இரண்டுக்கும் நடுவில் வைத்து அடுக்கி, மறுபடி அதேபோல் போடச் சொன்னேன். இப்போது சுவர்ப் பக்க வரிசை என்றார். அதையும் நடுவில் வைத்து மூன்றாம் முறை. அப்போது வாசல் பக்கம். அதையும் நடுவில் வைத்து அடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சீட்டு பாயில் விழும் ஓசையை நான் எண்ணினேன். இருபத்தொன்று சரியாக இருந்தது. கங்காணி ஒழுங்கானவர், அதற்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

"மேலிருந்து எண்ணி, பதினொண்ணாவதத் திருப்புங்க."

எண்ணினார். திருப்பினார்.

"பூ வெச்சிருக்கிற பொம்பள," என்றார் அந்த அம்மா. குரலில் வெறுப்பு இல்லை. "அதத்தான் நெனச்சேன்."

அப்பா செருமினார். மாப்பிள்ளை சிரித்ததும் கேட்டது. நான் இருட்டில் சாக்குத் துணியைப் பார்த்தபடி நின்றேன். எந்த மேடையிலும் எந்த வித்தைக்காரருக்கும் அதைவிட நல்ல நிமிடம் வாய்த்திருக்காது.

அது நீடிக்கவில்லை.

"பாக்காம தொடாம இவ்வளவுன்னா, உக்காந்து ஆடுனா தோட்டமே இவ பேருக்கு மாறிடும்," என்றார் கங்காணி. "இது முன்ன நெனச்சத விட சூசா, பெரிய தொல்ல, அக்கா. வேணாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வித்தை எவ்வளவு சுத்தமாக நடந்ததோ, அவ்வளவுக்கு நான் ஏமாற்றுக்காரியாகத் தெரிந்தேன். நானே என் கழுத்தில் கயிறு போட்டுக்கொண்டேன் என்று நினைத்தேன். விறகுக் குத்தகைக்காரரின் முகம் ஞாபகம் வந்தது.

"நீ சும்மா இரு, தம்பி," என்றார் அந்த அம்மா. அவர் எழுந்து திரை அருகே வந்து நின்றார். சாக்கின் இழைகளுக்கு நடுவே அவர் நிழல் தெரிந்தது. "ஏ புள்ள, ஒண்ணு கேக்குறேன். ஒளிக்காம சொல்லு. ஒருத்தன் சீட்டுல எந்நாளும் ஜெயிக்கிறான். அது ராசியா, இந்த மாதிரி வேலையா?"

"ஒரு நாள் ரெண்டு நாள் ஜெயிச்சா ராசின்னு வெச்சுக்கலாங்க," என்றேன். "எந்நாளும் ஜெயிச்சா விரல்தாங்க."

அவர் அங்கேயே நின்றபடி சொன்னார். சம்பள நாட்களில் அவர்கள் வீட்டிலேயே ஆட்டம் நடக்கும். டவுனிலிருந்து வரும் ஒருவன்தான் எப்போதும் ஜெயிப்பான். கணவர் தோற்கும்போதெல்லாம் மாமியார் இவரைத்தான் சொல்வார்: வீட்டுக்கு வந்தவளின் ராசி சரியில்லை. ஆட்டம் நடக்கும்போது கூடத்தைக் கடக்கக் கூடாது என்று இவரை அடுக்களையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். காப்பி கொடுக்க மட்டும் திறப்பார்கள். கணவர் சாகும்போதும் அதையே சொல்லிவிட்டுச் செத்தார். இவரும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தார். இன்று மகனுக்குப் பெண் பார்க்க வந்த இடத்தில் சீட்டைக் கண்டதும், தன் ராசிதான் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தாராம்.

சுவர்க் கடிகாரம் ஆறு அடித்தது.

அம்மா பலகாரத் தட்டை என் கையில் கொடுத்துத் திரையை விலக்கினாள். வறுத்த கிழங்கும் சர்க்கரை இல்லாத காப்பியும். தட்டை வைத்தேன். எல்லோரையும் கும்பிட்டேன். பெண்ணைப் பாடச் சொல்வது வழக்கம், யாரும் சொல்லவில்லை. நான் அந்த அம்மாவின் எதிரில் பாயில் உட்கார்ந்து சீட்டுக்கட்டை எடுத்தேன்.

செய்முறையை யாருக்கும் காட்டக் கூடாது என்பது அந்தப் புத்தகத்தின் முதல் விதி. அதுவரை அம்மாவுக்குக்கூடக் காட்டியதில்லை. புத்தகத்தின் கடைசிப் பகுதி சூதாட்டக்காரர்கள் ஏமாற்றும் வழிகளைப் பற்றியது. படிப்பவர் ஏமாறாமலிருக்க எழுதியது. அதையும் பழகியிருந்தேன். பழகினால்தான் அடுத்தவர் செய்யும்போது கண்ணுக்குப் படும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். அந்தப் பகுதிக்கு முதல் விதி பொருந்தாது என்று அங்கேயே முடிவு செய்தேன். அது சரியான முடிவு.

நல்ல சீட்டு ஒன்றைக் கட்டின் அடியில் வைத்தேன். ஆளுக்கொன்றாகப் போட்டேன். கட்டைவிரல் மேல் சீட்டைத் தள்ளுவதுபோல் நகரும். வெளியே வருவது அடிச் சீட்டு. முதலில் வேகமாகச் செய்தேன். நாற்காலியில் இருந்த கங்காணிக்கும் தெரியவில்லை. பிறகு மிக மெதுவாக, கையைத் திருப்பிக் காட்டிச் செய்தேன். அடிச் சீட்டை விடுவிக்கச் சுண்டுவிரல் உள்பக்கம் மடிந்திருக்க வேண்டும்.

அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"இந்த வெரலு," என்றார். "அவனுக்கு எப்பவும் இப்படித்தான் மடங்கியிருக்கும். நரம்பு சுளுக்குன்னு சொல்வான். நான் காப்பி வைக்கிறப்போ பாத்திருக்கேன்."

கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "நானும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன், அக்கா. எனக்குத் தெரியல," என்றார்.

அந்த அம்மா அழவில்லை. ஒரு நீண்ட கணக்கை முடித்தவர் போல் மூச்சுவிட்டார். எதிரில் இருந்த காப்பியை எடுத்து முழுவதும் குடித்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"எங்க வீட்டுல எல்லாரும் ஏமாந்தவங்க, ஐயா. ஏமாறாத ஒருத்தி வேணும். பூ இருக்கா?"

மல்லிகைக்கு அந்தக் காலத்தில் எங்கே போவது. வேலியில் பூத்திருந்த செம்பருத்தியை அம்மா பறித்துவந்தாள். அவர் அதை என் தலையில் வைத்தார். கங்காணிதான் வெற்றிலைத் தட்டை மாற்றினார். மாப்பிள்ளை என்னிடம் அன்று பேசியது ஒரே ஒரு வாக்கியம்: கல்யாணம் வரைக்கும் அந்தப் புத்தகத்தை இரவல் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன்.

இருட்டிய பிறகு சாலையில் காவல் இருக்கும் என்பதால் மூவரும் அன்று எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். இப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. அதற்குப் பிறகு பள்ளி ஆண்டுவிழாக்களிலும் கோயில் நிதிக்காக டவுன் மண்டபத்திலும் பலர் முன்னால் வித்தை காட்டியிருக்கிறேன். கைதட்டல் நிறையக் கிடைத்தது. ஆனால் நான் சிறப்பாகச் செய்தது எது என்று கேட்டால் அன்று மாலையைத்தான் சொல்வேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுப்படிக்குப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா, இனி எனக்கு அத்தை, எனக்கு முன்பே எழுந்து பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். அடுப்பைப் பிறகு பற்றவைக்கலாம், முதலில் அந்த விரலை இன்னொரு தரம் காட்டு என்றார். நான் விளக்கை ஏற்றிவைத்தேன். சீட்டுக்கட்டை அவர் உள்ளங்கையில் வைத்து, அவருடைய சுண்டுவிரலைப் பிடித்து அடிச் சீட்டுக்குக் கீழே மடித்துவிட்டேன்.